ஏழாம் நம்பர் சவுக்காரம்

பஸ்ஸில் மணி அடிக்க எனக்கு வெட்கம். நான் இறங்க வேண்டிய இடம் வரும்போது வேறு யாராவது அடிக்கட்டும் என்று காத்திருப்பேன். யாரும் அடிக்காவிட்டால் அடுத்த இடம் வரை போய் இறங்கி, தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் நடந்து திரும்பி வருவேன். (வீட்டில் கேட்டால் காற்று வாங்க நடந்தேன் என்பேன். எங்கள் மலையில் சளியைத் தவிர வேறு எதையும் வாங்க முடியாது.)

ஐம்பதை நெருங்குகிற ஆள் ஒப்புக்கொள்கிற விஷயமா இது என்று தோன்றலாம். ஆனால் இதைச் சொல்லாமல் அந்த நாளின் கதையைச் சொல்ல முடியாது. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மட்டும் அந்த மணியை அடித்திருந்தால், தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லியே காலம் தள்ளி ஓய்வுபெற்ற டீ மேக்கர் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து பைன் எண்ணெய் வாசம் அடிக்கிற தேநீரைக் குடித்திருக்க மாட்டார்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நாங்கள் அதை ஸ்டோர் என்போம். தூள் சலிக்கிற அறையில் இருபத்தாறு வருடங்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் நன்றாக வாசிப்பேன். சிங்களம் பேசுவேன், வாசிக்க வராது. ஆங்கிலத்தில் என் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும். இப்படிப்பட்ட ஆள் கடைக்குப் போனால், கடைக்காரர் எதை நீட்டுகிறாரோ அதுதான் அவன் வாங்க வந்த சாமான்.

என் மனைவி சரோஜா கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கு நாற்பது வயதுக்குப் பிறகு வீசிங் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் வருடத்தில் எட்டு மாதம் ஈரம் நிற்கும், மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதைக் கழுவாமல் விட்டாலும் அவளுக்கு இழுக்கும், கழுவுகிற மருந்தின் நெடியிலும் இழுக்கும். கழுவுவதை அவள் விடவும் மாட்டாள். சுத்தம் என்றால் அது மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் கட்சி. பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆள் நடந்து போகும்போது திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பினாயில் அடித்தால்தான் அவளுக்குத் திருப்தி.

அந்த வருடம் நான் அவளுக்கு உதவி செய்வதாக நினைத்து, பினாயிலுக்குப் பதிலாக மென்மையான ஒன்றை வாங்கி வந்தேன். எப்படித் தெரிவு செய்தேன் என்று கேட்காதீர்கள். (கேட்கத்தான் போகிறீர்கள்.) போத்தலில் ஊதா நிறத்தில் அழகான பூப் படம் இருந்தது. பூ யாருக்குக் கெடுதல் செய்யும்? சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக ஏதோ எழுதி, தமிழில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி போட்டிருந்தார்கள். கடையில் நின்று அதை வாசிக்க எனக்கு வெட்கம். பூவை நம்பி வாங்கினேன்.

சரோஜா தரையைத் துடைத்து முடிக்கவில்லை. வாளியைப் பிடித்தபடியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வரவில்லை, விசில்தான் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அவள் முகத்தில் நிறம் திரும்பி வரும்வரை நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூ இன்னும் கையில் இருந்தது.

டாக்டர் சிங்களவர். எனக்காகத் தமிழில் சொன்னார்: “அம்மாவுக்கு சென்ட் சாமான் ஒண்ணும் வேணாம். தரை கழுவுறது, உடுப்பு கழுவுறது, ஊதுபத்தி, எல்லாம் பாத்து. பூப் படம் போட்டா நல்லதுன்னு இல்ல.”

கடைசி வரியை அவர் எப்படிக் கண்டுபிடித்துச் சொன்னார் என்று தெரியவில்லை. என் முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ. அந்த வாங்கிலேயே ஒரு முடிவு எடுத்தேன். இந்த மலையில் எந்தக் கடையில் கிடந்தாலும் சரி, சரோஜாவின் நெஞ்சைத் தொடாத ஒரு சாமானைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் பவித்ராவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பவித்ரா தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. மாப்பிள்ளை தினேஷ், பூண்டுலோயா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தகப்பன் இல்லை. தாயும் தாய்மாமனும்தான் வீட்டுப் பெரியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றே சரோஜா எனக்கு இரண்டு உத்தரவு போட்டாள்.

“ஏங்க, அவங்க வாசல்ல கால வச்சதும் கழுவுன வாசம் வரணும். வாசமே இல்லாட்டி, குப்ப வீட்டுல பொண்ணு எடுக்குறோமான்னு நெனப்பாங்க.”

“டாக்டர் சொன்னாருல்ல.”

“அதுதான் ரெண்டாவது. எனக்கு வீசிங்குன்னு ஒரு வார்த்த உங்க வாயிலேருந்து வரக்கூடாது. நாளைக்கு புள்ளைக்கும் வரும், பேரப்புள்ளைக்கும் வரும்னு சொல்லி வேணாம்னுட்டுப் போயிருவாங்க. போன வருசம் அந்த வலப்பனை சம்பந்தம் எதுக்கு நின்னுச்சு? மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. அவர்கள் காரணம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வந்திருந்தபோது சரோஜா இருமினாள்.

“சரி” என்றேன். (வெட்கப்படுகிறவனுக்குச் சுலபமாக வருகிற சொல் அது ஒன்றுதான்.) வாசம் வர வேண்டும், இழுப்பு வரக் கூடாது, உண்மையும் வெளியே வரக் கூடாது. ஒரே வாளியில் மூன்றையும் கரைக்க வேண்டும்.

கடை கடையாக ஏறினேன். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தட்டு முழுக்கப் போத்தல். எல்லாவற்றிலும் பூவும் பழமும் மலையும் அருவியும். அங்கே வேலை செய்கிற பிள்ளை “என்ன வேணும் அங்கிள்?” என்று கேட்டது. கேட்ட உடனே ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். இரண்டாம் முறையும் பிஸ்கட். மூன்றாம் முறை அந்தப் பிள்ளை என்னைக் கண்டதும் பிஸ்கட் இருக்கிற பக்கமாகக் கை காட்டியது.

பிறகு ஒரு யோசனை வந்தது. வாயால் கேட்கத்தானே வெட்கம். (சோப்பை நாங்கள் சவுக்காரம் என்போம்.) ‘மணம் இல்லாத சவுக்காரம்’ என்று காகிதத் துண்டில் எழுதிக்கொண்டு, பஜாரில் நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் கடைக்குப் போய் நீட்டினேன். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அதை வாசித்தார்.

“மணம் இல்லாத சவுக்காரமா? அண்ணே, மணத்துக்குத்தானே ஆளுங்க இத வாங்குறாங்க.”

பின்னால் நின்ற ஒரு அம்மா, “எலுமிச்ச போட்டது நல்லது” என்றார். இன்னொருவர், “பைன் எண்ணெ வாங்கச் சொல்லுங்க, பூச்சியும் வராது” என்றார். ஒரு தாத்தா, பிள்ளைகள் உடுப்புக்குப் போடுவதுதான் எல்லாவற்றிலும் சாது என்றார். நானா தன் பங்குக்கு ரோஜாப் படம் போட்ட தூள் ஒன்றை எடுத்தார். ஆளுக்கு ஒன்றாக என் பையில் போட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடையை விட்டு இறங்கும்போது நானா கூப்பிட்டு, உள்ளே போய், தூசி பிடித்த ஒரு சவுக்காரக் கட்டியைத் தட்டிக்கொண்டே கொண்டுவந்தார். உறை இல்லை, படம் இல்லை. பழுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு நிறம்.

“இதயும் கொண்டுபோங்க. ஒண்ணுமே மணக்காது. அதனாலதான் ரெண்டு வருசமா கெடக்கு.”

வீட்டிலிருந்த பழைய பினாயிலையும் அந்த ஊதாப் பூவையும் சேர்த்தால் மொத்தம் ஏழு. இதில் எது சாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சரோஜாவின் நெஞ்சை வைத்துச் சோதனை செய்ய முடியாது. என் மூக்கையும் நம்ப முடியாது. இருபத்தாறு வருடம் தூளுக்குள் நின்ற மூக்கு அது.

அப்போதுதான் எனக்குள் இருந்த ஸ்டோர்காரன் விழித்துக்கொண்டான். தேயிலையை மாதிரி மூக்குள்ள பொருள் உலகத்தில் கிடையாது. பக்கத்தில் எது மணத்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் ஸ்டோருக்குள் சென்ட் அடித்துக்கொண்டு வர முடியாது, வாசனைத் தைலம் தேய்த்துக்கொண்டு வர முடியாது. ஒரு முறை வெங்காயச் சம்பலோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததற்கு ஒருவனைச் சலிக்கிற அறையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். தேயிலை எதை இழுத்துக்கொள்கிறதோ அதைத்தான் சரோஜாவின் நெஞ்சும் இழுத்துக்கொள்ளும். தேயிலைக்குத் தெரியாத சாமான்தான் நமக்கு வேண்டிய சாமான். (இதைக் கண்டுபிடித்தபோது அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். ஐந்தாம் வகுப்புக்கு இது அதிகம்.)

ஏழு துணித் துண்டுகளை ஏழு சாமானிலும் தனித்தனியாகத் துவைத்து, அலசி, காயவைத்தேன். வாங்கி வந்த பிஸ்கட் டின்களோடு வீட்டில் கிடந்த பழைய டின்களையும் சேர்த்து, ஏழு டின்னில் ஒவ்வொரு துண்டாகப் போட்டேன். (பிஸ்கட் வீண்போகவில்லை.) ஸ்டோரில் மாதாமாதம் தருகிற நல்ல தூளை வீட்டிலிருந்த வெள்ளைக் கப்புகளில் அளந்து போட்டு, டின்னுக்கு ஒரு கப் வைத்து இறுக்கி மூடினேன். தூளில் ஒரு சொட்டு மருந்தும் படவில்லை. துணியின் மணம் மட்டும்தான் பக்கத்தில் இருந்தது. கப்பின் அடியில் பவித்ராவின் மார்க்கரால் ஒன்று முதல் ஏழு வரை நம்பர் போட்டேன். ஒன்று பினாயில், இரண்டு பைன், மூன்று எலுமிச்சை, நான்கு ஊதாப் பூ, ஐந்து ரோஜாப் படம் போட்ட தூள், ஆறு குழந்தைப் படம் போட்டது, ஏழு நானாவின் கட்டி.

ஞாயிறு காலை டின்களைத் திறந்து, கப்புகளை எடுத்து, அடுப்படிப் பலகையில் வரிசையாக வைத்துச் சாசரால் மூடினேன். திட்டம் இதுதான்: பஜாருக்குப் போய் வெற்றிலை, வாழைப்பழம், கேக் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குத் திரும்புவது. சுடுதண்ணீர் ஊற்றி, டீ மேக்கர் செய்வதுபோல ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்துத் துப்புவது. எதில் மணம் குறைவோ அதை வைத்துப் பதினொரு மணிக்குள் வீட்டைக் கழுவுவது. மூன்று மணிக்கு ஆட்கள் வரும்போது வெள்ளைச் சட்டையோடு நிற்பது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சரியான கூட்டம். என் இடம் வந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. கையில் வாழைப்பழச் சீப்பு வேறு. வழக்கம்போல அடுத்த இடத்தில் இறங்கி, மலைக்குள் நடந்து, ஒன்பதே முக்காலுக்கு வீட்டுக்கு மேலே உள்ள திருப்பத்துக்கு வந்தேன். கீழே என் வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது.

வேன்காரருக்குப் பின்னேரம் வேறு ஓட்டம் வந்துவிட்டதாம். அதனால் காலையிலேயே கிளம்பி வந்துவிட்டார்கள். நான் பஜாருக்குப் போன பிறகு போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது வசந்தாவிடம். வசந்தா சரோஜாவின் தங்கை, ஒத்தாசைக்கு வந்திருந்தவள்.

நான் உள்ளே போனபோது மாப்பிள்ளை, அவர் தாய், டீ மேக்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாய்மாமன், மாமனின் மனைவி, மாப்பிள்ளையின் அக்கா, அக்காவின் கணவர், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரர் வெளியே படியில் இருந்தார். ஏழு பேர். ஏழு பேர் கையிலும் வெள்ளைக் கப்.

அடுப்படிக்கு ஓடினேன். பலகை காலியாக இருந்தது.

“வசந்தா, அந்தக் கப்பெல்லாம் எங்க?”

“குடுத்தாச்சு மாமா. வளைவுல வந்தது வயித்தப் பெரட்டுது, பாலு வேணாம், பிளேன்டீ போதும்னாங்க. நீங்கதான் ஏழு கப்புல அளவாத் தூளு போட்டு மூடி வச்சிருந்தீங்களே. சுடுதண்ணி ஊத்தி, ஒவ்வொண்ணா வடிச்சு, அதே கப்புல சீனி போட்டுக் குடுத்தேன். ஸ்டோர்காரரு வீடுன்னா ஸ்டோர்காரரு வீடுதான்.”

“மணம் ஒண்ணும் தெரியலையா உனக்கு?”

“ஒண்ணுல கொஞ்சம் வாசமா இருந்துச்சு. ஏலக்கா போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

கூடத்தில் போய் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும். “வாங்க” என்றேன். அவர்கள் வந்து அரை மணி நேரமாகியிருந்தது.

மாப்பிள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அக்காவின் கணவர் குடித்ததை விழுங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் கன்னத்தில் வைத்திருந்தார். பெண் வீட்டில் கொடுத்த முதல் தேநீர். குறை சொல்ல முடியுமா? மாப்பிள்ளையின் தாய் மட்டும் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் சேலைத் தலைப்பால் மூடி, அதற்குள்ளேதான் கப்பைப் பிடித்திருந்தார். பெரிய ஆள் போல, எங்கள் வீட்டுக் கப்பைத் தொடக்கூட மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாமன் உறிஞ்சினார். அது சாதாரண உறிஞ்சல் இல்லை. நாற்பது வருடம் கோப்பை பார்த்தவரின் உறிஞ்சல். வீட்டுக்குள் ஒரு துணி கிழிந்த மாதிரி சத்தம் கேட்டது. கண்ணை மூடினார். நாக்கைச் சுழற்றினார்.

“தம்பி” என்றார். “கொழுந்து நல்ல கொழுந்து. வாட்டுனதும் சரியா வாட்டியிருக்காங்க. ஆனா இதுக்குள்ள ஒரு பைன் மரம் நிக்குது.”

நான் வாழைப்பழச் சீப்பை அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மனைவியின் கப்பை வாங்கி உறிஞ்சினார். “இதுல எலுமிச்ச. ஆனா மரத்துல காய்ச்ச எலுமிச்ச இல்ல.” மருமகன் தினேஷின் கப்பையும் வாங்கினார். “இது ஆஸ்பத்திரி வராந்தா.” கப்பை உயர்த்தி அடியைப் பார்த்தார். “ஒண்ணுன்னு நம்பர் வேற போட்டிருக்கு.”

உடனே எல்லோரும் கப்பைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார்கள். அக்காவின் கணவர் பார்த்ததில் மிச்சத் தேநீர் சட்டையில் கொட்டியது.

வெளியிலிருந்து வேன்காரர் எட்டிப் பார்த்தார். “அண்ணே, டீ பிரமாதம். இன்னொண்ணு கெடைக்குமா?”

அவருக்குப் போனது நாலாம் நம்பர், அந்த ஊதாப் பூ.

“தம்பி, இது என்னா?” என்று மாமன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வாயை மட்டும் சிரிப்பில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சிரிப்பு. அப்போதுதான் என் மூக்கிலும் பட்டது. வீடு கழுவாமல் கிடக்கிறதே, வாசம் வேண்டுமே என்று வசந்தா சாமி தட்டில் ஒரு கட்டு ஊதுபத்தியை அப்படியே கொளுத்தி வைத்திருந்தாள். புகை கூடத்தில் பஞ்சு மாதிரி நின்றது. அத்தனை பேச்சுக்கும் நடுவில் எனக்கு அந்த விசில் கேட்டது. மெல்லிய விசில். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

சரோஜா எனக்குக் கண்ணால் சொன்னாள்: வாயைத் திறக்காதே. இழுப்பு வந்தால் வாயில் வைத்து மருந்து இழுக்கிற அவளுடைய பம்ப் அடுப்படியில் மாவு டின்னுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதை எடுக்கப் போக மாட்டாள். மகளுக்காக அங்கேயே நின்று மூச்சு முட்டி விழுவாளே தவிர நகர மாட்டாள்.

அந்த நேரத்தில் என் வெட்கம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கு எட்டில் சாமி தட்டுக்குப் போனேன். எரிகிற ஊதுபத்திக் கட்டை அப்படியே பிடுங்கினேன். அதை அணைக்க ஈரமாக ஏதாவது வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே ஈரம் மாமன் கையிலிருந்த கப்தான். அதற்குள் அமுக்கினேன்.

‘ஸ்ஸ்’ என்றது.

பெண் பார்க்க வந்த வீட்டில், சாமிக்கு வைத்த ஊதுபத்தியைப் பெண்ணின் தகப்பன் பிடுங்கி, மாப்பிள்ளையின் தாய்மாமனுடைய தேநீரில் அணைத்ததாக இதற்கு முன்பு எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கதவையும் இரண்டு ஜன்னலையும் திறந்தேன். மாவு டின்னைக் கொண்டுவந்து, கையை விட்டு, வெள்ளைக் கையோடு பம்பை எடுத்துச் சரோஜாவிடம் கொடுத்தேன். “எல்லாரும் பாக்குறாங்க” என்று அவள் முனகினாள். “பாக்கட்டும்” என்றேன். அவளை வாசலில் வேன்காரர் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் இரண்டு தரம் இழுத்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து, என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினேன்.

“ஐயா, எம் பொஞ்சாதிக்கு வீசிங். கழுவுற மருந்து நெடி ஒத்துக்காது. போன மாசம் நான் வாங்குன மருந்தாலதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. அவளுக்கு ஒத்துக்குறது எதுன்னு பாக்கத்தான் தூளுக்குப் பக்கத்துல ஏழு சாமான வச்சேன். உங்களுக்குன்னு வைக்கல. தூளுல ஒண்ணும் கலக்கல, வாசம் மட்டுந்தான். ஒளிக்கணும்னு அவ நெனச்சது புள்ளைக்காக. தப்பு எம் மேலதான்.”

அறை வாசலில் பவித்ரா சேலையோடு நின்றாள். இன்னும் யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். (சிரித்தேன் என்று இப்போது சொல்கிறாள்.)

மாமன் தன் கப்பில் நின்ற ஊதுபத்திக் குச்சிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தன் தங்கையின் கப்பை, தலைப்போடு சேர்த்து வாங்கி, மிச்சம் இருந்ததை உறிஞ்சினார். கண்ணை மூடினார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போனாலும் பரவாயில்லை, இதற்குப் பதில் தெரிய வேண்டும் என்று நின்றேன். அவ்வளவு பிடிவாதம் என்னிடம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும்.

“இதுல தேயில மட்டுந்தான் இருக்கு” என்றார். கப்பைத் திருப்பினார். “ஏழு.”

அவ்வளவுதான். “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று எழுந்தார்கள். கேக்கை வெட்டவே இல்லை. வேன்காரர் மட்டும் வாழைப்பழம் சாப்பிட்டார்.

பிறகு மூன்று வாரம். போன் வரவில்லை. சரோஜா என்னோடு பேசவும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். “சோறு ஆறுது” என்று சுவருக்குச் சொல்வாள், நான் போய்ச் சாப்பிடுவேன். நான் வாதம் பண்ணவில்லை. பினாயில், பைன், பூ எல்லாவற்றையும் வீட்டை விட்டு எடுத்தேன். நானாவின் கட்டியைச் சீவி, சுடுதண்ணீரில் கரைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, தரையையும் சுவர் மூலைகளையும் ஞாயிறுதோறும் நானே தேய்த்தேன். கிளினிக் நர்ஸிடம் போய் வாயால் கேட்டேன். மணம் இல்லாவிட்டால் எல்லாமே சாது என்று நினைக்க வேண்டாம், ஒன்றோடு ஒன்றைக் கலக்கவே கூடாது, கழுவும்போது அம்மா வெளியில் இருக்கட்டும் என்றார். கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்தது. அந்த மூன்று வாரமும் சரோஜாவுக்கு இழுப்பு வரவில்லை. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சுவருக்கு மட்டும் தெரியும்.

நான்காவது ஞாயிறு போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்.

“அண்ணே, அந்த ஏழாம் நம்பரு சவுக்காரம் எங்க வாங்குனீங்க?”

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். துணி துவைக்கிற தூள் பட்டால் அவர் கை இரண்டும் வெடித்து, தோல் உரிந்து, சில நாள் இரத்தம் வருமாம். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் நோய்க்கை என்று நினைப்பார்களே என்று அன்று தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாராம்.

“எங்க வீட்டுலயும் ஒளிச்சுக்கிட்டுத்தான் வந்தோம்ணே. நீங்க அந்தம்மாவுக்கு எல்லார் முன்னாலயும் பம்ப எடுத்துக் குடுத்தீங்கல்ல, வேன்ல ஏறுனதும் நான் கைய வெளிய எடுத்துட்டேன். எங்கண்ணந்தான்...” என்று நிறுத்திச் சிரித்தார். “அந்த ஊதுபத்திய மறக்க மட்டும் கொஞ்ச நாளு வேணும்னாரு.”

தையில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் சாம்பிராணி போடவில்லை. ஏழெட்டுப் பேர் குறை சொன்னார்கள். நான் போய், “போட மாட்டோம்” என்று வாயைத் திறந்தே சொன்னேன்.

இன்றைக்கும் இரண்டு வீட்டிலும் தேநீர் கொடுத்தால் யாரும் உடனே குடிப்பதில்லை. முதலில் கப்பைத் தூக்கி அடியைப் பார்ப்பார்கள். மருமகன் தினேஷ், “மாமா, இது எத்தனாம் நம்பரு?” என்று கேட்காமல் ஒரு மிடறு குடித்ததில்லை. இரண்டு வயதுப் பேத்தி பால் போத்தலையே கவிழ்த்துப் பார்க்கிறாள். மாமன் வந்தால் கப்பின் வாயைக் கையால் மூடிக்கொள்வார், என் பக்கம் பார்த்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை நான் தேய்த்து முடித்ததும் சரோஜா வாசலில் இருந்து எழுந்து உள்ளே வந்து, மூக்கை உறிஞ்சி, “வாசமே இல்லையே, கழுவுனீங்களா?” என்று கேட்கிறாள். இப்போது என்னைப் பார்த்தே கேட்கிறாள். சுவரைப் பார்த்து இல்லை.

ஒன்றுதான் பாக்கி. அந்த வேன்காரர் ஹட்டன் பக்கம் வரும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி, “அண்ணே, அன்னைக்குக் குடிச்ச மாதிரி ஒரு டீ” என்கிறார். நல்ல தூளாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தாலும், “நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பதம் இல்ல” என்று கப்பைத் திருப்பித் தருகிறார். அவர் குடித்தது என்ன என்று சொல்ல நான்கு வருடமாக முயற்சி செய்கிறேன். முடியவில்லை. எனக்கு வெட்கம்.